போட்டோஅகூஸ்டிக் செல்லின் அதிர்வெண் துலங்கல்: ஸ்பீக்கரா, லேசரா?

போட்டோஅகூஸ்டிக் செல் என்பது வாயு ஒளியை உறிஞ்சுவதை ஒலியாகக் கேட்டு அளக்கும் சிறு அறை. அதற்குள் வாயுவை நிரப்பி, லேசரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் ஒளியை உறிஞ்சும் வாயு சூடாகி ஆறும். அந்த அழுத்த ஏற்ற இறக்கத்தை மைக் ஒலியாகப் பிடிக்கும். செல்லின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், அதாவது செல் இயல்பாகவே பலமாக ஒலிக்கும் அதிர்வெண்ணில், இதைச் செய்தால் சிக்னல் பல மடங்கு பெருகும். அந்த அதிர்வெண்ணை எப்படி அளப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

10 செ.மீ. நீளக் குழாய், இரு முனையும் அகன்ற அறைகளுக்குள் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். குழாய்க்குள் அரை அலை அடங்கும் என்று கணக்குப் போட்டால் 1,730 ஹெர்ட்ஸ். அலை குழாயின் முனைகளைத் தாண்டியும் சற்று நீளும்; இந்த முனைத் திருத்தத்தால் உண்மையான சிகரம் இதற்குக் கீழே இருக்கும்.

மலிவான வழி ஸ்பீக்கர். செல்லின் அருகே ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, அதிர்வெண்ணைச் சரசரவென ஏற்றிக்கொண்டே போனால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் வரைகோடு, அதாவது அதிர்வெண் துலங்கல், சில விநாடிகளில் கையில். லேசரும் வேண்டாம், உறிஞ்சும் வாயுவும் வேண்டாம். ஸ்பீக்கருக்கென்று மேடு பள்ளங்கள் உண்டு. அவற்றை இன்னொரு மைக்கை வைத்து அளந்து வகுத்துவிடலாம்.

வகுத்தும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர் ஓரிடத்திலிருந்து தள்ளுகிறது, லேசரோ கதிர் போகும் பாதை முழுவதும் தள்ளுகிறது. இரு முனையும் மூடிய உருளையில் கதிர் நீளவாக்கில் சீராகப் போனால், முதல் நீளவாக்கு ஒத்ததிர்வு எழும்பவே எழும்பாது. ஒரு பாதியின் தள்ளல் மறுபாதியின் தள்ளலை அடித்துவிடும். அதே உருளையின் ஒரு முனையில் ஸ்பீக்கரை வைத்தால், அந்தச் சிகரம்தான் பெரிதாக நிற்கும். அதை நம்பி லேசரை அங்கே ஓட்டினால் மிஞ்சுவது இரைச்சல். நம் திறந்த குழாயில் இந்த ஆபத்து இல்லை, ஆனாலும் ஸ்பீக்கர் தரும் உயரம் லேசர் தரும் உயரமாகாது.

அதனால் உணர்திறன் பற்றிப் பேச வேண்டுமானால் என் ஓட்டு லேசருக்குத்தான். டயோடு லேசரின் மின்னோட்டத்தையே ஏற்றி இறக்கி, அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றி, லாக்-இன் ஆம்ப்ளிஃபையரில் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) படிக்க வேண்டும். 1,500 முதல் 1,900 ஹெர்ட்ஸ் வரை 5 ஹெர்ட்ஸ் படியாகப் போனால் சுமார் 80 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 3 விநாடி கொடுத்தாலும் 4 நிமிடம்தான். லேசர் கதிரைச் சுழன்று வெட்டிவெட்டி விடும் சாப்பர் சக்கரம் இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும்: அது எழுப்பும் சத்தமும் அதே அதிர்வெண்ணில்தான் வரும், லாக்-இன்னுக்கு வித்தியாசம் தெரியாது. ஜன்னல் கண்ணாடி உறிஞ்சும் ஒளியும் சிக்னல் தரும். வெறும் நைட்ரஜனை நிரப்பி அளந்து, கட்டத்தையும் (phase, அலை எவ்வளவு முன்பின்னாக வருகிறது என்பது) சேர்த்துக் கழிக்க வேண்டும்.

எந்த வாயு என்பதும் முக்கியம். நீல லேசர் என்றால் நைட்ரஜன் டையாக்சைடு வசதி. உலர்ந்த நைட்ரஜனில் கலந்த கார்பன் டையாக்சைடு வேண்டாம். அது உறிஞ்சிய ஆற்றலை வெப்பமாக விட நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தையும் செல்லின் குணமென்று எண்ணிவிடுவோம்.

மூன்றாவது வழி துடிப்பு லேசர். கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பது போல. நானோவிநாடித் துடிப்பு எல்லா அதிர்வெண்களையும் ஒன்றாக எழுப்பும், ஃபூரியே மாற்றம் அவற்றைப் பிரித்துக் காட்டும். ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது, எவ்வளவு நேரம் ரீங்கரிக்கும் என்பதன் அளவுதான் தரக்காரணி. அது 40 என்றால் ஒலி 10 மில்லிவிநாடிக்குள்ளேயே பெருமளவு தணிந்துவிடும். விநாடிக்கு 10 துடிப்பு போதும். ஆனால் தரக்காரணி 500 அளவுக்குள்ள ஆரவாக்குச் செல்லில் (ஒலி மையத்துக்கும் சுவருக்கும் இடையே அதிரும் உருளை), 4,000 ஹெர்ட்ஸ் அருகே, முந்தைய துடிப்பின் ரீங்காரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அங்கே துடிப்புகளை இன்னும் இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும்.

எந்த வழியானாலும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். ஒரு டிகிரிக்குச் சிகரம் சுமார் 3 ஹெர்ட்ஸ் நகரும். தரக்காரணி 40 உள்ள நம் குழாயில் அறை 5 டிகிரி சூடானால், பழைய அதிர்வெண்ணிலேயே ஓடும் லேசரின் சிக்னல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காலையில் ஸ்பீக்கரிலும் மதியம் லேசரிலும் எடுத்த வரைகோடுகளை அப்படியே ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்க்க முடியாது.