பாதம்வரை பார்த்த பெட் ஸ்கேன் மையம்

என் தந்தைக்குப் புற்றுநோய் காரணமாகச் சிறுநீர்ப்பையை அகற்றி 2 ஆண்டுகள் ஆகின்றன. வழக்கமான தொடர் பரிசோதனைக்காக மதுரையில் ஒரு தனியார் பெட் ஸ்கேன் மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். கதிரியக்கம் கொண்ட, சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசியில் செலுத்தி, அதை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் புற்றுநோய் போன்ற இடங்களை ஒளிரக் காட்டும் படம்தான் பெட் ஸ்கேன். இரவில் கூடும் இடது கணைக்கால் வலியை வயதுக்குரியது என்றே நாங்கள் விட்டிருந்தோம். இந்நோய் பரவினால் பெரும்பாலும் நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், கல்லீரல், முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகிய இடங்களில்தான் தென்படும். முழங்காலுக்குக் கீழே போவது மிக அரிது.

இந்த ஸ்கேன் வழக்கமாகத் தலையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடைவரை மட்டுமே எடுக்கப்படுகிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசி போடுவதற்கு முன் அங்கிருந்த பணியாளர், "ஐயா, புதிதாக எங்கேயாவது வலி இருக்கிறதா?" என்று கேட்டார், அப்பா காட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் பேசிப் பாதம்வரை எடுக்க ஏற்பாடு செய்தார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த மையத்தைப் பற்றி எழுதுகிறேன். கணைக்கால் எலும்பில் ஓர் இடம் ஒளிர்ந்தது. நோய்த்தொற்றும் அப்படி ஒளிரக்கூடும் என்பதால் திசுப் பரிசோதனை தேவை என்று அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அப்பரிசோதனையில் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் பரவல்தான் என்று உறுதியானது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா இப்போது இரவில் தூங்குகிறார்.

மூளை இயல்பாகவே சர்க்கரையை மிகுதியாக எடுத்துக்கொள்வதால் அங்குள்ள சிறு கட்டிகள் இதில் மறைந்துவிடலாம் என்றும், தலைவலியோ தடுமாற்றமோ இருந்தால் எம்.ஆர்.ஐ. தனியாக எடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

குறை ஒன்று உண்டு. காலை 9 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 11.30 மணிக்குத்தான் ஊசி போட்டார்கள். வெளியூரிலிருந்து வரும் அந்த மருந்தின் வீரியம் 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அதை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது என்பது புரிகிறது. ஆனாலும், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்குத் தாமதத்தைத் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

மருந்து சிறுநீர் வழியே வெளியேறிப் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால், சிறுநீர்ப்பையை அகற்றியபின் சிறுநீரைச் சேகரிக்க வயிற்றின் வெளிப்புறத்தில் பை பொருத்தியிருப்பவர்கள் ஸ்கேனுக்குச் சற்று முன் அதைக் காலி செய்ய வேண்டியிருக்கும். மாற்றுப் பை ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மையத்தில் அது கிடைப்பதில்லை.