பாம்பன் வீட்டில் ஸ்னோ ஒயிட்: துணியா, வினைலா?

"ஸ்னோ ஒயிட் பொம்மை துணியில் வாங்கலாமா, வினைல் என்ற மென்பிளாஸ்டிக்கில் வாங்கலாமா, அத்தை?" என்று அண்ணன் மகள் கேட்டாள். ஸ்னோ ஒயிட்டுக்குக் கருங்காலி போன்ற கூந்தல் கிரிம் சகோதரர்களின் கதையிலேயே உண்டு. நீல மேற்சட்டையும் மஞ்சள் பாவாடையும் 1937 டிஸ்னி படம் கொடுத்தவை. அந்த உருவத்தைத்தான் சேர்க்கிறோம்.

விலை: துணிப் பொம்மை பெரும்பாலும் மலிவு. வினைலுக்குக் கூடுதல்.

முகச்சாயல்: வினைல்தான். துணியில் தைத்த கண்ணுக்குப் படத்தின் பார்வை வராது.

உப்புக்காற்று: இங்கேதான் இரண்டும் திணறும். என் வினைல் பொம்மையின் முதுகில் இருந்த பிரஸ் பட்டன் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, மஞ்சள் பாவாடையில் காப்பிக்கறை போல ஒரு வட்டம் விழுந்தது. வெயில் படும் அலமாரியில் வைத்தால் வினைல் பிசுபிசுக்கும். சிவப்புத் துணி ஒட்டியே இருந்தால் சாயம் ஏறும், அப்புறம் போகாது. துணிப் பொம்மைக்கு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சைதான் எதிரி. ஆனால் துவைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

பிள்ளைகள் கொஞ்சி விளையாட, கொலுவில் வைக்க என்றால் துணி. வருடக்கணக்கில் சேர்க்க நினைத்தால் வினைல். கண்ணாடி அலமாரி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டும் சேர்த்தே வாங்குங்கள். அண்ணன் மகளுக்கு ஏழு வயது. துணிப் பொம்மையே வாங்கச் சொன்னேன்.