கல்யாண வீடியோக்களுக்கு எந்த கோடெக்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் குடும்பத்தில் வீடியோக்களைச் சேர்த்து வைப்பது என் வேலை. பழைய கல்யாண டிவிடி முதல் இப்போதைய 4கே ஃபைல் வரை எல்லாம் என் ஹார்ட்டிஸ்கில்தான் வந்து சேரும். வீடியோவைச் சுருக்கும் முறைகளான (கோடெக்) எச்.264, எச்.265, ஏவி1 மூன்றையும் நிறையவே புழங்கியாகிவிட்டது. என் பழக்கம் இப்போது இதுதான்: பத்திரப்படுத்த எச்.265, ஊருக்கு அனுப்ப எச்.264, ஏவி1 ஒரே ஒரு வேலைக்கு.

எச்.265-இல் அதே தரம் பாதி அளவில் கிடைக்கும் என்பார்கள். ரிசப்ஷன் மேடைக் காட்சிகளில் அது ஏறக்குறைய உண்மை. ஆட்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள், பின்திரை அசைவதில்லை. எச்.264 படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். எச்.265-இல் கட்டம் 64க்கு 64 வரை போகும் என்பதால், வெறும் திரைக்குக் கொஞ்சம் பிட்களே போதும்.

முகூர்த்தம் வந்ததும் கதை மாறிவிடும். தாலி கட்டும்போது நாலு பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் விழும், கூடவே ஹோமப் புகை. முந்தைய ஃபிரேமில் இருந்தது எங்கே நகர்ந்தது என்று பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்துத்தான் எந்த கோடெக்கும் இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு திசையில் போனால் அந்தக் கணிப்பு எடுபடாது. பிட்ரேட்டை (நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவை) குறைவாகக் கட்டிப்போட்டிருந்தால், ஆல்பத்திலேயே முக்கியமான அந்தச் சில நொடிகளில் மணப்பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் வேண்டிய தரத்தை ஓர் எண்ணாகக் கொடுக்கும் சிஆர்எஃப் முறைதான் நான் வைப்பேன் (எண் குறைந்தால் தரம் கூடும்). தேவைப்படும் இடத்தில் அதுவே பிட்களை அள்ளிக் கொடுக்கும். ஆனால் இந்த எண்ணை ஒரு என்கோடரிலிருந்து (சுருக்கும் மென்பொருளிலிருந்து) இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது. இயல்பு மதிப்பே எச்.264-க்கான எக்ஸ்264-இல் 23, எச்.265-க்கான எக்ஸ்265-இல் 28.

எக்ஸ்265 மேல் எனக்கு ஒரு குறை உண்டு. மங்கலான மண்டபத்தில் எடுத்த படத்தை அது வழவழவென்று ஆக்கிவிடும். பட்டுப்புடவையின் ஜரிகை இழைகள் ஒன்றோடொன்று கரைந்து மஞ்சள் பட்டையாகத் தெரியும். படத்தை மென்மையாக்கும் எஸ்ஏஓ ஃபில்டரை அணைத்து, சிஆர்எஃப்பை 20 பக்கம் இறக்கியதும் இழை பிரிந்து தெரிகிறது. ஃபைல் பெருக்கத்தான் செய்யும், பரவாயில்லை. அப்புறம் நிறங்களை இன்னும் நுணுக்கமான படிகளில் பதியும் 10 பிட்டில் என்கோட் செய்யுங்கள். மேடையின் நீல விளக்கு மெல்ல மங்கும் இடத்தில் படிப்படியாகக் கோடு விழுவது நன்றாகவே குறையும்.

கிராபிக்ஸ் கார்டு என்கோடர் வேகமானதுதான். ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகிறது. அவசரத்துக்கு அது, சேமிப்புக்கு இரவு முழுக்க ஓடும் சிபியு.

2018-இல் வந்த ஏவி1-ஐ ஸ்கிரீன் ரெக்கார்டிங்குக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எழுத்தும் தட்டையான நிறங்களும் உள்ள படத்துக்கென்றே அதில் தனி உத்திகள் இருப்பதால், ஃபைல் அவ்வளவு சிறிதாகிவிடும். கல்யாண வீடியோவுக்கு இன்னும் நம்பி வைக்கவில்லை. ஐபோனிலேயே 15 ப்ரோ முதல்தான் ஏவி1-க்கு ஹார்டுவேர் துணை இருக்கிறது. சித்தப்பா வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினால் மறுபேச்சில்லாமல் ஓடுவது 8 பிட் எச்.264 எம்பி4 ஒன்றுதான்.

டிவிடிக்களை மறுபடி சுருக்குவதில்லை. ஏற்கெனவே எம்பெக்-2 என்ற பழைய கோடெக்கில் நசுங்கிய 720க்கு 576 படம் அது. அப்படியே எம்கேவி ஃபைலுக்குள் நகலெடுத்து வைத்துவிடுவேன். யாராவது கேட்டால் மட்டும் டீஇன்டர்லேஸ் செய்து (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாகப் பதிந்த பாதிப் படங்களை முழுப் படங்களாக்கி), நொடிக்கு 50 ஃபிரேமாக எச்.264-இல் தருவேன். 25 ஆக்கினால் நாதஸ்வரக்காரர் விரல்கள் தாவித் தாவி ஓடுகின்றன.

எச்.265 எம்பி4 ஐபோனில் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், உடனே மறுபடி என்கோட் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். ஃபைலுக்குள் 'எச்இவி1' (hev1) என்ற டேக் (அடையாளக் குறி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வீடியோவை மறுபடி சுருக்காத காப்பி முறையில் வைத்து, டேக்கை மட்டும் 'எச்விசி1' (hvc1) என்று மாற்றினால் போதும். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், தரமும் துளி குறையாது.