குன்னூரில் இன்ஜின் பிளாக் வேலைக்கு நம்பிப் போகலாம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் பர்லியாறு தாண்டியதுமே என் காரின் டெம்பரேச்சர் முள் மேலே போய்விடும், வேறொரு இடத்தில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வரும் ஹெட் கேஸ்கட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். குன்னூர் பட்டறை அண்ணன் ஹெட்டைக் கழற்றியதும் பிளாக்கின் மேல்தளத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினார். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே தளம் குழிந்திருந்தது. அங்கே சுவர் ஒல்லி, சூடு அதிகம், அலுமினிய பிளாக் வேறு, இதைச் சரிசெய்யாமல் எத்தனை கேஸ்கட் போட்டாலும் நிற்காது என்றார். தளம் சீவ கோயம்புத்தூர் லேத்துக்குப் போய் வந்ததில் நாளானது, கூலியும் குறைவில்லை. ஆனால் சிலிண்டர் உள்சுவரில் ஆயில் தங்குவதற்கான ஹோனிங் கோடுகள் அழியாமல் இருந்ததைப் பார்த்து, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேண்டாம் என்று அவரே சொன்னாரே, அந்த நேர்மைக்கே போகலாம். அப்புறம், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட் கட்டாயம், சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டிலிருந்து அவ்வளவு கசடு வந்தது.