குன்னூர் ஈரத்தில் ஒரு பிலிம் ஸ்கேனர்

குன்னூரில் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் 35 மி.மீ. பிலிம் ஸ்கேனரின் பெட்டியில், டைனமிக் ரேஞ்ச் (மிக வெளிச்சமான இடம் முதல் மிக இருண்ட இடம் வரை வாசிக்கும் வீச்சு) 4.8 என்று அச்சிட்டிருக்கிறார்கள். 16 பிட் கருவி என்பதால், பிட்டுக்கு ஒரு ஸ்டாப் (ஒளி இருமடங்காகும் ஒரு படி), ஸ்டாப்புக்கு 0.3 அடர்த்தி (பிலிம் ஒளியை மறைக்கும் அளவு) என்று பெருக்கினால் கிடைக்கும் எண்தான் அது. சென்சாரின் இரைச்சலோ (படத்தில் புள்ளிகளாகத் தெரியும் தற்செயல் பிழை) உள்ளே சிதறும் ஒளியோ அந்தக் கணக்கில் சேரவில்லை.

சோலைக்காட்டின் விளிம்பில் நின்று, இருண்ட அடிமரங்களும் பின்னால் வெளுத்த மூடுபனியும் ஒன்றாக விழும்படி எடுத்தால், வெல்வியா ஸ்லைடு (நேர்ப்பிம்பம் தரும் வண்ணப் பிலிம்) காட்சியில் ஏறத்தாழ 5 ஸ்டாப்களைத்தான் பிடிக்கிறது. ஆனால் அவற்றையே 3.5 அடர்த்திக்கும் மேலாக, அதாவது 11, 12 ஸ்டாப்களாக விரித்துவிடுகிறது. கலர் நெகட்டிவ் இதற்கு நேர்மாறு. 10 ஸ்டாப்களுக்கு மேல் வாங்கிக்கொண்டு, அவற்றை 2 அளவிலான அடர்த்தி வேறுபாட்டுக்குள் சுருக்கிவிடுவதால், ஸ்கேனருக்கு அதில் சிரமமே இல்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களும் அப்படித்தான். பிம்பமே வெள்ளித் துகள்களால் ஆனது என்பதால், அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி மட்டும் அவற்றில் எடுபடாது.

ஆகவே கருவியின் தரம் ஸ்லைடில்தான் தெரியும். ஒருமுறை மட்டும் வாசித்த ஸ்கேனில் நிழல் பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால், அடிமரத்துப் பாசி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகளே நிற்கின்றன. ஒவ்வொரு வரியையும் 16 முறை வாசிக்கச் சொன்னால், இரைச்சல் கால் பங்காகக் குறைந்து, பாசியின் நிறமும் பட்டையின் வெடிப்பும் வெளிவருகின்றன. நேரம் பல மடங்கு இழுக்கும் என்பதால், இருண்ட ஸ்லைடுகளுக்கு மட்டுமே இதைச் செய்கிறேன்.

இரைச்சலைவிடப் பெரிய தொல்லை இவ்வூர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும், ஸ்கேனருக்குள் ஒளியைத் திருப்பும் ஆடியில் மெல்லிய படலம் படிந்திருக்கும். மூடுபனியை ஒட்டிய மரத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து, கறுப்பு சாம்பலாகிவிடும். சிதறும் ஒளி ஒவ்வொரு வாசிப்பிலும் அதே இடத்தில் விழுவதால், எத்தனை முறை வாசித்தாலும் இது குறையாது. ஆடியின் பூச்சு முன்முகத்திலேயே இருக்கிறது, அழுத்தித் துடைத்தால் கீறிவிடும். கைப்பம்பால் ஊதிவிட்டு, லென்ஸ் திரவம் தொட்ட மென்துணியால் மெல்ல ஒற்றுவதே போதும். மழைக்காலத்தில் கருவியைச் சில்லிகா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைப்பதால், துடைக்கும் வேலை பெரிதும் குறைந்திருக்கிறது.

மலையூர்களில் பழைய ஸ்கேனர் வாங்குவோர், வெளிச்சமான காட்சியையும் அதை ஒட்டிய கறுப்பு ஓரத்தையும் சேர்த்து ஒரு ஸ்லைடை ஸ்கேன் செய்து தரச்சொல்லி, எந்தத் திருத்தமும் செய்யாத கோப்பாகவே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.