வெல்டிங் மெஷினுக்கு ட்ராலி செய்யக் கொடுக்கிறீர்களா? பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்

நாமக்கல்லில் லாரி பாடி வேலை பார்க்கிற சின்னப் பட்டறை என்னுடையது. நானும் இரண்டு பேரும்தான். போன ஆடியில், வயர் ஓட்டி வெல்டிங் செய்கிற மிக் மெஷினுக்கு ஒரு ட்ராலி செய்யக் கொடுத்து 24,500 ரூபாய் ஏமாந்தேன். பணத்தைக்கூட விடுங்கள், என்னிடம் வேலை பழகுகிற பையனின் கால் போயிருக்க வேண்டியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். ட்ராலி, டூல் வண்டி, சிலிண்டர் ஸ்டாண்டு என்று எதையாவது ஆர்டர் கொடுக்கிற யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

எங்கள் வேலை ஒரே இடத்தில் நின்று பார்க்கிற வேலை கிடையாது. ஷெட்டுக்குள் ஒரு லாரி, வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு லாரி நிற்கும், மெஷின்தான் லாரியைத் தேடிப் போக வேண்டும். லோன் போட்டு எடுத்த 400 ஆம்ப் மெஷினோடு நாலு குட்டிச் சக்கரம் வைத்த ஒரு தட்டுதான் வந்தது. சிமென்ட் தரையில் ஓடும், மண்ணில் இறங்கினால் அதோடு சரி. வெல்டிங்குக்கு வேண்டிய கேஸ் சிலிண்டரைத் தனியாக உருட்ட வேண்டும், கையில் பிடிக்கிற வெல்டிங் டார்ச் தரையில் கிடக்கும், அதன் முனையில் மாட்டுகிற டிப்பும் நாசிலும் பழைய பெயின்ட் டப்பாவுக்குள். எல்லாம் ஒரே வண்டியில், மெஷின் மேலே, டிராயர் கீழே, சிலிண்டர் பின்னால், கேபிள் சுற்ற இரண்டு பக்கமும் கொக்கி என்று இருந்தால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மிச்சம்.

நீயே வெல்டர்தானே, நீயே செய்திருக்கலாமே என்று பலர் கேட்டுவிட்டார்கள். என்னிடம் ஷீட் பெண்டிங் மெஷின் இல்லை. டிராயரைக் கையால் தட்டி மடித்தால் மூலை சேராது, பாதியில் சிக்கும். அதோடு அந்த மாதம் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) தேதி நெருங்கிய வண்டிகள் மூன்று சேர்ந்து நின்றன. சரி, இதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுப்போம் என்று, போனில் படம் பார்த்துக் கோவைப் பக்கம் ஒருவரைப் பிடித்தேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் நடக்கிறது.

என்ன வேண்டும் என்று நான் எழுதி அனுப்பியது இன்னும் போனில் இருக்கிறது. ஃபிரேமுக்கு 40க்கு 40 ஸ்கொயர் பைப், 2 எம்எம் கனம். ஷீட் 14 கேஜ், அதாவது அதுவும் 2 எம்எம். சிலிண்டர் நிற்கிற தட்டு 5 எம்எம் பிளேட். பின்சக்கரம் 8 இஞ்ச், முன்னால் பிரேக்கோடு திரும்புகிற 6 இஞ்ச், நடுவில் இரும்பு, சுற்றி ரப்பர் போட்டது. மெஷினுக்குப் பின்னால் ஒரு அடி திறப்பு. சிலிண்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சங்கிலி. எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் போட்டார். போனிலும், "கவலையே படாதீங்கண்ணா, நம்ம வீட்டுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றேனுங்க" என்றார். 15,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். பத்து நாளில் தருகிறேன் என்றவர் முப்பத்திரண்டாம் நாள் ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாக்கியைப் போட்டால்தான் இறக்குவேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டிருந்தார். போட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

பார்க்க அவ்வளவு அழகு. நீலக் கலர் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது, டிராயரில் பளபளக்கிற கைப்பிடி. பக்கத்துப் பட்டறை அண்ணன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, நல்லா செஞ்சிருக்கான்டா என்று சொல்லிவிட்டுப் போனார். சக்கரம் மட்டும் 4 இஞ்ச் பிளாஸ்டிக். கேட்டதற்கு, ரப்பர் சக்கரம் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன் என்றார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மெஷின் மஞ்சள் விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சூடு ஏறினால் தானாக நிற்கிற பாதுகாப்பு அது. என் மெஷினுக்கு 400 ஆம்பில் டியூட்டி சைக்கிள் 60 சதவீதம், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆற வேண்டும், அதுவும் சுற்றி 40 டிகிரி வரை சூடு இருந்தால். நான் 220 ஆம்பில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், நிற்க வேண்டிய காரணமே இல்லை. குனிந்து பார்த்தால் ஒரு அடி திறப்பு கேட்ட இடத்தை முழுசாக ஷீட் போட்டு அடைத்திருக்கிறார், பின்பக்கம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. ஃபேன் தள்ளுகிற சூட்டுக் காற்று போக வழியில்லாமல் அதே பெட்டிக்குள் சுற்றியிருக்கிறது. அதற்குக் கீழேயே கிரைண்டிங் வீல் வைக்கிற டிராயர், மேல் மூடி கிடையாது. அதிலிருந்து பறக்கிற இரும்புத் தூள் மெஷினுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டில் போய் உட்கார்ந்தால் மெஷினே போய்விடும். லோன் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அன்றைக்கே பின் ஷீட்டை வெட்டி எடுத்தேன்.

வெட்டும்போதே கை சொல்லிவிட்டது. 2 எம்எம் ஷீட்டில் கட்டிங் வீல் போகிற போக்கு வேறு, இது பேப்பர் மாதிரி பிரிந்தது. அப்போதே எல்லாவற்றையும் இறக்கிவைத்துச் சோதித்திருக்க வேண்டும். வேலை நெருக்கடி, அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு ஐந்தாம் நாள் அது நடந்தது. ஷெட்டிலிருந்து வெளியே மண் தரையில் ட்ராலியை இறக்குகிறோம். நான் முன்னால் இழுக்கிறேன், பையன் பின்னால் சிலிண்டர் பக்கம் தள்ளுகிறான். அன்று காலைதான் மாற்றிய சிலிண்டர், உள்ளே 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு கேஸ், உருளையோடு சேர்த்தால் 85 கிலோவுக்குக் குறையாது. இடது பின்சக்கரம் மண்ணில் புதைந்தது. கொஞ்சம் தூக்கித் தள்ளுடா என்று சொல்லி வாய் மூடவில்லை, டப்பென்று ஒரு சத்தம். சிலிண்டர் நின்ற தட்டு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிவிட்டது. இரண்டு சங்கிலி கேட்டதற்கு மேலே ஒன்றுதான் இருந்தது, அதன் கொக்கி மெல்லிய ஷீட்டோடு கிழிந்துகொண்டு வந்தது. பையன் எகிறிப் பின்னால் குதித்தான், அவன் நின்ற இடத்தில் சிலிண்டர் விழுந்தது. கழற்றிப் போட்டிருந்த ஸ்டெப்னி டயர் அங்கே கிடந்ததால் ரெகுலேட்டர் அதன்மேல் மோதியது. மீட்டர் கண்ணாடி உடைந்து ஹீட்டர் வயர் அறுந்ததோடு போயிற்று. வால்வு கல்லில் பட்டு உடைந்திருந்தால்? உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் ப்ரஷர் இருக்கிற சிலிண்டர் அது. வால்வு போனால் ராக்கெட் மாதிரி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பையனுக்குப் பத்தொன்பது வயசு. சிரித்துக்கொண்டேதான் எழுந்தான், ஆனால் டீ கிளாஸைப் பிடித்தபோது கை நடுங்கியது. அவன் அம்மா முகத்தில் எப்படி முழித்திருப்பேன்?

அன்று வேலையை நிறுத்திவிட்டு ட்ராலியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சிலிண்டர் தட்டு 5 எம்எம் பிளேட்டே இல்லை. மெல்லிய ஷீட்டை வெட்டி, ஓரத்தை மட்டும் கீழே மடக்கிவிட்டிருக்கிறார். பக்கவாட்டில் பார்த்தால் கனமான பிளேட் மாதிரி தெரியும், தட்டினால்தான் தகர டப்பா சத்தம். அதை ஃபிரேமோடு சேர்த்த இடத்தில் முழு வெல்டிங் கிடையாது, பக்கத்துக்கு மூன்று டேக், அதாவது புள்ளி வெல்டு, ஒவ்வொன்றும் கடலைப் பருப்பு அளவு. நடுவில் விட்ட இடைவெளியை எல்லாம் பட்டி போட்டு நிரப்பி, உப்புத்தாள் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். நகத்தால் கிள்ளினேன், நீலத்துக்கு அடியில் மஞ்சள் பட்டி துண்டு துண்டாக உதிர்ந்தது. லாரிக் கேபினில் டொக்கு விழுந்த இடத்துக்குப் போடுகிற பட்டி. அதை நம்பி 85 கிலோ நின்றிருக்கிறது.

பைப் முனைகளில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி செருகியிருந்தது. பிடுங்கிவிட்டு பைப் வாயில் கனம் அளக்கிற வெர்னியரை வைத்தேன், 1.2 எம்எம். டிராயர் ஷீட் மடிப்புக்குள் பெயின்ட் படாத இடத்தில் வைத்தேன், அதுவும் 1.2, அதாவது 18 கேஜ். டிராயர் ஓடுகிற சேனலை அந்த ஷீட்டிலேயே ஸ்க்ரூ அடித்து மாட்டியிருக்கிறார், 15 கிலோ வயர் ஸ்பூல் இரண்டு வைத்ததும் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகி டிராயர் சாய்ந்துவிட்டது. பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினேன், 51 கிலோ. நான் கேட்ட கனத்தில் செய்திருந்தால் 85 கிலோவுக்குக் குறைந்திருக்காது, ஏனென்றால் 1 எம்எம் ஷீட் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, 2 எம்எம் என்றால் இரட்டிப்பு. கிலோ 65 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவர் மிச்சம் பிடித்தது 2,200 ரூபாய் இரும்பு. அந்த 2,200 ரூபாய்க்காகத்தான் இவ்வளவும்.

இன்னொன்று. 7018 என்கிற லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடு வைக்க ஒரு டிராயர் கேட்டிருந்தேன், ராடைச் சூடாக வைத்திருக்கிற ராடு ஓவன் மாதிரியே செய்து தருகிறேன் என்று அதற்குத் தனியாக 1,800 ரூபாய் வாங்கினார். உள்ளே தெர்மோகோல் ஒட்டி ஒரு 40 வாட் பல்பு. லோ ஹைட்ரஜன் ராடை பாக்கெட் பிரித்த பிறகு 120 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்க வேண்டும், ஈரம் குடித்தால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் போய் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட விரிசல் விடும். வெல்டிங் தெரிந்த யாரும் தெர்மோகோலை அந்த வேலைக்கு வைக்க மாட்டார்கள், 100 டிகிரி நெருங்கும்போதே அது இளகிவிடும். பல்புக்குப் பக்கத்தில் ஏற்கெனவே குழி விழுந்திருந்தது.

போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை, பையனின் நம்பரிலிருந்து போட்டதும் எடுத்தார். வெர்னியர் படத்தை அனுப்பினேன். "பெயின்ட், பட்டி எல்லாம் சேர்த்து 2 எம்எம் வருமுங்க" என்றார். சிலிண்டர் விழுந்ததைச் சொன்னதும், மண் தரையில் ஓட்டினால் நான் பொறுப்பில்லைங்க என்றார். மண் தரை என்று முதல் நாளே படத்தோடு அனுப்பியிருக்கிறேன். பையனுக்கு அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கடைசியில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அதனால் ஆர்டர் கொடுக்கிறவர்களே, கேஜ் என்று பேசாதீர்கள், எம்எம் என்று எழுதி வாங்குங்கள். மொத்த எடை எவ்வளவு வரும் என்று கேளுங்கள், நேர்மையாகச் செய்கிறவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். வெல்டிங் முடிந்து ரெட் ஆக்சைடுகூட அடிப்பதற்கு முன்னால் நேரில் போங்கள், பஸ் செலவைப் பார்க்காதீர்கள். சிலிண்டர் தட்டின்மேல் நீங்களே ஏறி நின்று குதித்துப் பாருங்கள். சக்கரத்துக்கு மொத்தச் சுமையை நாலால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள், மேடு பள்ளத்தில் எப்போதும் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான் இருக்கும். என் கணக்கில் எல்லாம் சேர்த்து 300 கிலோ, அப்படியானால் ஒரு சக்கரம் 100 கிலோ தாங்க வேண்டும். பாதிப் பணத்தையாவது இறக்கிப் பார்க்கிற வரை கையில் வையுங்கள், டெம்போக்காரர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும். பில் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்.

புகார் விஷயம். தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று அவர் தெனாவட்டாகச் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். தெரிந்த வக்கீல் ஒருவர்தான் விளக்கினார்: 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துகிறவர் அதற்காகவே வாங்கிப் பயன்படுத்துகிற பொருள் வணிக நோக்கத்தில் சேராது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகாரைப் பதிவு செய்தேன், பிறகு நோட்டீஸ் அனுப்பினேன். பில் இல்லாவிட்டாலும் வாட்ஸப் பேச்சு, ஜிபே ரசீது, தராசுச் சீட்டு, வெர்னியர் படம் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளிலும் சிலிண்டரை நகர்த்துகிற ட்ராலி போதுமான பலத்தோடு இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, அதையும் நோட்டீஸில் சேர்க்கச் சொன்னேன்.

ட்ராலியை நான் தூக்கிப் போடவில்லை. கீழ்ப்பாதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, 65 எம்எம் ஆங்கிளில் புது ஃபிரேம் கட்டி, 6 எம்எம் பிளேட்டில் சிலிண்டர் தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல் பின் அச்சுக்கு நேராகவே வைத்து, சுற்றி முழு வெல்டிங் அடித்திருக்கிறேன். பழைய டிராக்டர் டிரெய்லரின் சின்னச் சக்கரம் இரண்டு பின்னால். சங்கிலி இரண்டு. அடியில் பெயின்ட் அடிக்கவில்லை, வெல்டிங் தெரிகிற மாதிரி அப்படியே விட்டுவிட்டேன். பையன் இப்போது தள்ளுவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறான்.

நோட்டீஸுக்குப் பதில் வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன். இதே மாதிரி கோவைப் பக்கம் நீலக் கலர் ட்ராலி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அடியில் பட்டி இருக்கிறதா என்று கிள்ளிப் பாருங்கள்.