ஓக் ரிட்ஜ் சிம்பொனி: வாய் திறக்கக்கூடாத ஊரில் பிறந்த இசைக்குழு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் நகரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் ஓக் ரிட்ஜ். சுமார் முப்பதாயிரம் பேர் இருக்கிற ஊர், அவ்வளவுதான். இந்த ஊருக்கென்று ஒரு சிம்பொனி இசைக்குழு 1944இலிருந்து இருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர்களும் வேலையாக வந்துபோகிறவர்களும் ஒரு மாலையை ஒதுக்கி அவசியம் போய்க் கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போன கச்சேரி ஓக் ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியின் அரங்கில் நடந்தது. சரவிளக்கு, பளிங்குத் தூண் எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் முன்னால் உட்காருங்கள். பெரிய நகரம் ஒன்றில் பேர்போன அரங்கில் நிறையக் காசு கொடுத்து, மேடையின் பாதி தெரியாத இருக்கையில் இரண்டு மணி நேரம் கழுத்தை வளைத்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாலாவது வரிசையில் இருந்தேன். ஓபோ என்ற ஊதுவாத்தியக்காரர் ஒற்றை ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அதில் வந்து சுருதி சேர்த்துக்கொண்டதும், வயலினைப் போன்ற பெரிய வாத்தியமான செல்லோவின் தந்தியில் வில் பதிகிற அந்த மெல்லிய உராய்வுச் சத்தமும் கூடக் கேட்டது. அந்த ஒரு நிமிடத்துக்கே டிக்கெட் காசு சரியாகப் போய்விட்டது எனக்கு.

இந்தக் குழுவின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் கேட்பதே வேறு மாதிரி இருக்கும். 1942இல் அமெரிக்க இராணுவம் இங்கே கிட்டத்தட்ட 59,000 ஏக்கரை எடுத்துக்கொண்டு, அங்கே விவசாயம் செய்துகொண்டிருந்த குடும்பங்களைச் சில வாரங்களில் காலி செய்ய வைத்து, அணுகுண்டு வேலைக்காக எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரைக் கட்டியது. 13,000 பேருக்கென்று போட்ட திட்டம், 1945இல் 75,000 பேர் ஆகிவிட்டது. சுற்றிலும் வேலி, காவல் வாயில், அடையாள அட்டை. தெருவெல்லாம் சேறு, நடக்கப் பலகை போட்டிருந்தார்கள். இங்கே பார்த்ததை, கேட்டதை வெளியே சொல்லாதே என்று பெரிய பெரிய பலகைகள். யுரேனியத்தைப் பிரித்தெடுக்கிறோம் என்பதே அங்கே உழைத்த பெரும்பாலோருக்குத் தெரியாது, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த ஊருக்கு வந்தவர்களில் வால்டோ கோன் என்ற உயிர்வேதியியலாளரும் ஒருவர். அணு உலையில் பிளவுபட்டு வருகிற தனிமங்களை அயனிப் பரிமாற்றம் என்ற வேதியியல் முறையில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது அவர் வேலை. பின்னாளில் அதே முறையைத்தான் டி.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலங்களின் கூறுகளைப் பிரிக்கவும் கொண்டுபோனார், அறிவியலில் அவர் பெயர் நிற்பது அதனால்தான். அப்புறம், அவர் செல்லோ வாசிப்பவர். சேர்ந்து வாசிக்க ஆள் தேடினார், தந்தி வாத்தியக்காரர்கள் கூடினார்கள், பிறகு மற்ற வாத்தியங்களும் சேர்ந்து 1944இல் முழு சிம்பொனிக் குழுவாகிவிட்டது. போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் அவரே கண்டக்டர். எனக்கு இதில் மனதைத் தொடுவது ஒன்றுதான்: ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கிற இரண்டு பேர், பகலில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக்கூடாது. அவர்கள் கூச்சமில்லாமல் பகிர்ந்துகொள்ள முடிந்தது அந்த இசைத்தாள் மட்டும்தான்.

அன்று பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி. இரண்டாவது பகுதியை யூடியூபில் கேட்டிருப்பீர்கள்: தாம் தக தாம் தாம், தாம் தக தாம் தாம் என்று கீழ்த்தந்திகளில் மெதுவாக நடந்து வரும். 1813இல் வியன்னாவில் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டத்தான் இது முதலில் அரங்கேறியது, இந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள் அன்றைய கூட்டத்தார். ஓக் ரிட்ஜில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது அந்த விவரம் சும்மா இருக்க விடவில்லை. பெருநகரக் குழுக்களின் கனத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம், வயலின்களின் எண்ணிக்கையே அதற்குப் போதாது. ஆனால் செல்லோக்கள் தொடங்கி, இரண்டாம் வயலின், முதல் வயலின் என்று மேலே ஏறுகிற இடத்தில் யார் யார் சேர்கிறார்கள் என்று கண்ணாலேயே பின்தொடரலாம். முதல் தடவை சிம்பொனி கேட்கிற பிள்ளைகளைக் கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கச்சேரி நடந்த அந்தப் பள்ளிக்கும் கோனுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1953 டிசம்பரில், அதாவது பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, நகர ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த அவர், கறுப்பினப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு ஒதுக்குவதை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவரைப் பதவியிலிருந்து இறக்க ஊரில் வாக்கெடுப்பே நடந்தது. அது தேறவில்லை, ஆனால் தலைவர் பதவியை அவரே விட்டுவிட்டார். 1955 செப்டம்பரில் கறுப்பினத்தார் வாழ்ந்த ஸ்கார்பரோ பகுதியிலிருந்து 85 பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள், அதில் ஒன்று இந்த உயர்நிலைப் பள்ளி. இடைவேளையில் வராந்தாவில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவில் ஓடியது.

போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் பிசெல் பூங்காவில் நட்பு மணியைப் பார்த்துவிடுங்கள். ஜப்பானில் வார்த்துக் கொண்டுவந்த வெண்கல மணி. அந்த யோசனையைக் கொடுத்தவர்கள் ஓக் ரிட்ஜில் வாழ்ந்த உப்புலூரி தம்பதியர், கணவர் ராம் இந்தியர், மனைவி ஷிகேகோ ஜப்பானியர். பக்கவாட்டில் தொங்கும் மரக்கட்டையைப் பின்னால் இழுத்து விட வேண்டும், பலமாக வேண்டாம், மெதுவாக விட்டாலே போதும். நாதம் அடங்க வெகுநேரம் ஆகும். முழுக்க அடங்கிய பிறகு அரங்குக்குக் கிளம்புங்கள்.